பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா

வணக்கம் அக்கா,

மும்பை ஆன்டாப் ஹில்லில் இருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது. மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை என்றார். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட்டுக்குப் போன அன்று டாக்டர் என்னை மட்டும் காரிடாருக்குக் கூப்பிட்டு, நின்றபடியே இந்தியும் இங்கிலீஷுமாகச் சொன்னார்: உணவுக்குழாயில் கேன்சர், ஃபோர்த் ஸ்டேஜ், லிவருக்குப் பரவியிருக்கிறது, ஆறு மாதம். “அம்மாவிடம் நீங்களே பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்” என்று போய்விட்டார். பத்தடி தள்ளிப் பெஞ்சில் இருந்த அம்மாவுக்கு இடது காது கேட்காது. “என்னடா சொன்னாரு?” என்றார். “புண்ணும்மா, அல்சர்” என்றேன். கேன்சர் என்று தெரிந்தால் அன்றைக்கே உயிர் போய்விடும், சொல்லவே கூடாது என்கிறார் மாமா. அடுத்த வாரம் கீமோ பற்றிப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அம்மாவிடமே சொல்லியிருக்க வேண்டுமா? இப்போது நான் என்ன செய்வது?

எம்.

அன்புள்ள எம்.,

ஆமாம், அம்மாவிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். “உங்கள் மகனிடம் பேசலாமா?” என்று அவரைக் கேட்ட பிறகே உங்களிடம் வந்திருக்க வேண்டும். உடம்பு அவருடையது.

அல்சர் என்று சொன்னதற்காக நீங்கள் குன்றிப்போக வேண்டாம். அந்தக் காரிடாரில் நின்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன். பல வருஷம் முன்பு, தாராவியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு திருநெல்வேலி ஆச்சிக்கு இந்தி தெரியாது என்று துணைக்குப் போனேன். டாக்டர் சொன்னது கேன்சர். நான் தமிழில் சொன்னது, “கட்டி ஆச்சி, மருந்துல கரைச்சிரலாம்.” டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆச்சிக்கு இந்தி தெரியாது, நடுவில் நான் மாற்றிச் சொன்னது இருவருக்கும் தெரியவில்லை. இரண்டு கீமோ ஆனது. முடி கொட்டியது, வாயெல்லாம் புண். “ஒரு கட்டிக்கா இம்புட்டு மருந்து?” என்று ஆச்சி ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். திரும்பி வரவில்லை. தொடர்ந்து மருந்து எடுத்திருந்தால் எத்தனை நாள் கூடியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போவதா இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு, எதைப் பற்றி முடிவெடுக்கிறோம் என்பதே தெரியாமல் செய்துவிட்டேன். அன்றிலிருந்து மொழிபெயர்க்கப் போனால் ஒரு சொல் மாற்றுவதில்லை.

இந்த ஊரில் நம் ஆட்களுக்கு மொழிதான் முதல் இடி. பத்து வயதுப் பேரன் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். “கேன்சர்” வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற என் முகத்தைப் பார்த்தான் அந்தப் பையன். எந்த டாக்டரும் ஒரு குழந்தையை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. தமிழ் தெரிந்த நர்ஸோ வார்டு ஊழியரோ கிடைக்கிறார்களா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? சொற்களும் அப்படித்தான். “ரிப்போர்ட் பாசிட்டிவ்” என்றால் நல்ல சேதி என்று நினைத்துச் சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. கட்டிக்கு “மாஸ்”, “குரோத்”, நோய் பரவியதற்கு “மெட்ஸ்”, எல்லாம் டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்கள். நம் வீடுகளில் கேன்சர் என்றால் புரியும். அதையே சொல்லட்டும்.

எப்படிச் சொல்வது என்பது டாக்டருக்குப் பிறவிக் குணமாக வர வேண்டியதில்லை, கற்றுக்கொள்ளலாம். 2000-இல் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலிய மருத்துவர்கள் “ஸ்பைக்ஸ்” என்ற ஆறு படி முறையை எழுதினார்கள். தனி இடத்தில் உட்கார்ந்து பேசுவது அதில் முதல் படி. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த இரண்டும்தான். முதலில், “உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்பது. பிறகு, “எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? எல்லாவற்றையும் சொல்லட்டுமா, மகனிடம் பேசட்டுமா?” என்று கேட்பது. “எனக்கு வேண்டாம்பா, பையன்கிட்டச் சொல்லுங்க” என்று அம்மா சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவு, மதிக்க வேண்டும். கேட்காமலே அவருக்காக நாம் முடிவெடுப்பதைத்தான் தவறு என்கிறேன். கேன்சர் என்ற சொல்லைச் சொன்ன பிறகு டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பிறகு சொல்லும் எதுவும் சட்டென்று காதில் ஏறாது.

மாமாவின் பயம் நம் குடும்பங்களுக்கு மட்டும் உரியதில்லை. 1961-இல் அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரி டாக்டர்களைக் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் கேன்சரை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979-இல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருஷம். நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. டெல்லியில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அவருடைய அம்மாவின் சம்மதத்தை வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சுயநினைவு திரும்பும்வரை காத்திருக்கக்கூடிய நிலைமைதான். அம்மாவின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, அல்சர் என்று நம்புகிறவரிடம் கீமோ படிவத்தை நீட்டினால் அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள்?

மறைத்தாலும் எத்தனை நாள்? பரேலில் 1941-இல் திறந்த டாடா ஆஸ்பத்திரியின் பெயரே நம் ஜனங்களிடம் நோயின் பெயராகிவிட்டது. “டாடாவுக்குப் போறாங்க” என்றாலே கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். எந்த ஆஸ்பத்திரியானாலும் கீமோ வார்டில் முடியில்லாத தலைகளுக்கு நடுவே உட்காரும்போது அம்மாவுக்குப் புரிந்துவிடும். அப்போது தன் பயத்தை உங்களிடம் சொல்ல முடியாமல், உங்களைக் காப்பாற்ற அவரும் நடிக்க ஆரம்பிப்பார். அந்தத் தனிமைதான் எனக்குப் பெரிய பயம்.

“ஆறு மாதம்” பற்றி ஒன்று. அது நாள் குறித்தது இல்லை. டாக்டர்கள் சொல்வது பெரும்பாலும் நடுக்கணக்கு: இந்த நிலையில் இருப்பவர்களில் பாதிப் பேர் அதற்குள் போகிறார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டுகிறார்கள். உங்கள் அம்மா எந்தப் பாதி என்று யாராலும் சொல்ல முடியாது. லிவருக்குப் பரவிய பிறகு முழுக்கக் குணமாவது அநேகமாக நடக்காது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீமோவால் கட்டியைச் சுருக்கப் பார்க்கலாம். அடைத்த உணவுக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைக்க முடியுமா என்று கேட்கலாம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. வலியையும் வேதனையையும் குறைக்கும் பாலியேட்டிவ் டாக்டரை இப்போதே பார்க்க வேண்டும், கடைசிக் கட்டத்துக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். பரவிய நுரையீரல் புற்று உள்ளவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆரம்பத்திலேயே அந்தக் கவனிப்பு கிடைத்தவர்கள் வேதனை குறைந்து இருந்தார்கள், கூடுதல் நாளும் இருந்தார்கள்.

போவதற்கு முந்தின நாள் வீட்டில் பேசுங்கள். “அம்மா, அன்னைக்கு நான் முழுசாச் சொல்லலை. நாளைக்கு டாக்டர்கிட்ட நீயே கேக்கிறியா, நான் கேட்டுச் சொல்லவா?” இவ்வளவு போதும். அவர் அதற்குமேல் கேட்டால் பதில் சொல்லுங்கள், பொய் வேண்டாம். ஸ்டேஜைப் பற்றி அவர் கேட்காமலும் போகலாம். மூன்று மாதமாகச் சோறு இறங்காதவருக்கு முதல் கேள்வி “சோறு இறங்குமா?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லட்டும். ஓபிடி (வெளிநோயாளிப் பிரிவு) கூட்டத்தில் அவருக்கு நேரமில்லை என்றால், வேறு நேரத்தில் பத்து நிமிஷம் கேளுங்கள், தயங்காதீர்கள்.

உள்ளே போனதும் அம்மாவுக்கு வலது பக்கமாக நாற்காலியைப் போட்டு டாக்டரை உட்காரச் சொல்லுங்கள். அந்தக் காதுதானே கேட்கும்.