ஏற்காட்டுச் சரிவில், மரங்களுக்கு நடுவே ஓட்ட எந்த மினி டிராக்டர் வாங்கலாம்?

நாகலூர்ப் பக்கம் ஆறு ஏக்கர், பாதி காபி, பாதி சில்வர் ஓக், வீடு இருக்கிற இடத்தைத் தவிர எங்கும் சரிவு, 20 எச்.பி. போதுமா, 30 வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எச்.பி. அப்புறம். மலைத் தோட்டத்துக்கு வண்டி வாங்கும்போது ஏறுமா என்று பார்ப்பதைவிட, லோடோடு ஒழுங்காக இறங்குமா என்று பாருங்கள். ஏற்றத்தில் திணறினால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான்.

காபிக்குள் உழும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். செடிக்குச் செடி ஆறடி இடைவெளிதான். சத்தை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே ஓடும், ரோட்டவேட்டர் விட்டால் அத்தனையும் அறுந்துபோகும். களைக்குப் பிரஷ் கட்டர் போதும். டிராக்டருக்கு மிச்சம் இருப்பது எரு ஏற்றுவது, பழம் இறக்குவது, தண்ணீர் டேங்க், பி.டி.ஓ.வில் (இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) ஓடும் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சணக்கொல்லி) ஸ்பிரேயர், கவாத்துக் கட்டைகளை இழுப்பது. எல்லாமே பாதையில் நடக்கிற வேலை. அதனால் ஷோரூமுக்குப் போகுமுன் டேப்பை எடுத்துக்கொண்டு பாதையின் குறுகலான இடத்தையும், திருப்பங்களையும், தலையில் இடிக்கிற கிளைகளின் உயரத்தையும் அளந்துவிடுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம். டூ வீல் வண்டிக்கு பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தில் மட்டும். ஐப்பசி மழையில் ஊறிய செம்மண்ணில் இறங்கும்போது சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. ஃபோர் வீலைப் போட்டு லோ கியரில் விட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இன்ஜினோடு இழுத்துப் பிடிக்கும். பாதி இறக்கத்தில் கிளட்சை மிதித்துவிடாதீர்கள், அந்தப் பிடி போய்விடும். இடது வலது பிரேக் பெடல்களை இணைக்கும் கொக்கியையும் மலையில் கழற்ற வேண்டாம்.

அகலத்தில்தான் சிக்கல். மரங்களுக்கு நடுவே நுழைய ஒல்லியான வண்டி வேண்டும், சரிவில் கவிழாமல் இருக்க அகலமானது வேண்டும். பல மாடல்களில் பின்சக்கர ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் கூட்டலாம். பாதை இடம் கொடுக்கும் அளவுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் எடை கீழே தங்கும். என்ன செய்தாலும் சரிவுக்குக் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி நேராக இறங்குவதே நல்லது. ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம்) இருக்கும் வண்டியாகக் கேளுங்கள், மடக்கும் வகையானால் கிளைகளுக்கு வசதி. பார் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போட வேண்டும், மடக்கியிருக்கும்போது போடக் கூடாது.

கட்டை இழுப்பதைப் பற்றி ஒன்று. பக்கத்துத் தோட்டத்தில் ஓக் கட்டையின் சங்கிலியை மேலே டாப் லிங்க் (பின்னால் கருவி மாட்டும் மேல் இணைப்பு) கொக்கியில் மாட்டி இழுத்தார்கள். கட்டை ஒரு வேரில் சிக்கியது. பின்சக்கரம் நகரவில்லை, அதற்குப் பதிலாக முன்சக்கரம் இரண்டும் முழங்கால் உயரத்துக்கு எழும்பின. டிரைவர் சட்டென்று கிளட்சை மிதித்ததால் வண்டி திரும்பத் தரையில் விழுந்தது, இன்னொரு நொடி போயிருந்தால் ஆள் அடியில் இருந்திருப்பார். சங்கிலி பின் அச்சுக்குக் கீழே, டிராபாரில்தான் (சுமை இழுப்பதற்கென்றே உள்ள கம்பி) இருக்க வேண்டும். முன்பக்க வெயிட்டுக்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

சரி, எச்.பி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தியை இழக்கும். 24 எச்.பி. வண்டி மேலே வந்தால் 20 என்று வையுங்கள். உங்கள் வேலைக்கு அது போதும். குபோட்டா பி2441, மஹிந்திரா ஜிவோ 245 இரண்டும் 24 எச்.பி., ஃபோர் வீல். பாதை மிகக் குறுகலென்றால் 21 எச்.பி. குபோட்டா ஏ211என். ஜான் டீரின் 28 எச்.பி. 3028இஎன் நல்ல வண்டிதான், ஆறு ஏக்கருக்கு அந்தப் பணம் எனக்கு அதிகமாகப் படுகிறது.

வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் உண்டா என்று உழவன் செயலியில் பாருங்கள். இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40, உச்சவரம்புக்கு உட்பட்டு. முன்பணம் கொடுக்குமுன், டீலரை வண்டியோடு உங்கள் தோட்டத்துக்கே வரச் சொல்லுங்கள், மழை பெய்த மறுநாளானால் நல்லது. டிரெய்லரில் எரு ஏற்றி, இருப்பதிலேயே செங்குத்தான இறக்கத்தில் அவர்கள் ஆளையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சேலத்திலிருந்து மெக்கானிக் மேலே வந்து சர்வீஸ் செய்வாரா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.