மாதம் ஒரு பாகமாக வாங்கலாமா?

கேள்வி: குறைந்த பட்ஜெட்டில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ஆசை. மொத்தப் பணமும் கையில் இல்லை. மாதம் ஒரு பாகமாக வாங்கி வைக்கவா, இல்லை விலை இறங்கட்டும் என்று பொறுத்திருக்கவா?

பதில்: மாதம் ஒன்றாக வாங்க வேண்டாம், அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே வாருங்கள். வாரண்டி, நீங்கள் பெட்டியைப் பிரிக்கும் நாளிலிருந்து ஓடாது. பில் போட்ட நாளிலிருந்தே ஓடும். நான் ஒருமுறை தள்ளுபடியைப் பார்த்து மதர்போர்டை மட்டும் முதலில் வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன், நாலு மாதம் கழித்துப் பிராசசரும் ரேமும் வந்தபிறகு மாட்டிப் பார்த்தால் ஒரு ரேம் ஸ்லாட் செத்துப்போயிருந்தது, கடையில் மாற்றித் தரும் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

பொறுத்தால் விலை இறங்குமா என்பது எந்தப் பாகம் என்பதைப் பொறுத்தது. 2021-இல் கம்ப்யூட்டரைக் கணக்குப் போடவிட்டு கிரிப்டோ நாணயம் 'தோண்டுபவர்கள்' கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டே தேவைப்படாத முறைக்கு மாறியதும் பழைய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன, அதுவரை காத்திருந்தவர்களுக்கு லாபம். ஆனால் 2025 கடைசியில் ரேமுக்கு நடந்தது நேர்மாறு: ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருக்க, சில மாதங்களில் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றவர்கள் நன்றாக மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் ரேம் விலையைப் பார்த்துவிட்டுப் பிராசசரைத் தேர்ந்தெடுங்கள். ஏஎம்டி நிறுவனப் பிராசசர்களுக்கான ஏஎம்5 வகை போர்டில் டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் மட்டும்தான் ஏறும். பழைய ஏஎம்4 போர்டுக்கு முந்தைய வகையான டிடிஆர்4 போதும், யாராவது கழற்றி வைத்த ரேம்கூடக் கிடைக்கும். புதிதாக மேம்படுத்த அதில் பெரிய வழியில்லை, உண்மைதான், ஆனால் பட்ஜெட் மெஷினை எத்தனை பேர் மேம்படுத்துகிறார்கள், சொல்லுங்கள்!

கிராபிக்ஸ் கார்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசசராக எடுத்தால் கார்டு இல்லாமலே கம்ப்யூட்டர் ஓடும். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்றிருந்தால் அது இருக்காது, பார்த்து வாங்குங்கள். புதிய தலைமுறை கார்டு வரட்டும் என்று காத்திருப்பதும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது. விலை கூடிய கார்டுதான் முதலில் வரும்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது 2022 அக்டோபரில், அதே தலைமுறையின் எளிய 4060 வந்தது 2023 ஜூனில்.

கேபினட், கீபோர்டு, மானிட்டரை மலிவாகக் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம், மானிட்டரை வேறொரு லேப்டாப்பில் சொருகி அன்றைக்கே சோதித்துவிட முடியும். பிராசசர், போர்டு, ரேம், பவர் சப்ளை நான்குக்கும் சேர்த்துப் பணம் தேறியதும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். அப்புறம், கேபினட்டில் ஏற்றும் முன் போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஒருமுறை ஆன் செய்து பாருங்கள்.