லைம் ரீஜிஸில் என்ன பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

லண்டனில் வசிக்கிறோம். மார்ச்சில் இரண்டு நாள், தெற்கு இங்கிலாந்துக் கடற்கரை ஊரான லைம் ரீஜிஸ் போகலாமென்று இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. கட்டாயம் பார்க்கவேண்டிய 10 இடங்களைச் சொல்ல முடியுமா? ‘வெறும் சேறும் கல்லும்தான், அரை நாள் போதும்’ என்கிறார் நண்பர். டைனோசர்களைப் பிள்ளைகள் லண்டன் மியூசியத்திலேயே பார்த்துவிட்டார்கள். ஃபாசில், அதாவது கல்லாகிப்போன பழங்கால உயிரின் எச்சம், வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? சைவ உணவு கிடைக்குமா?

க., லண்டன்

அன்புள்ள க.,

சாப்பாடு கிடைக்கும், கவலை வேண்டாம். பட்டியல் தரமாட்டேன். காப் என்கிற பழைய கல் அலைதடுப்புச் சுவரில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். மேல்தளம் கடல் பக்கம் சரிந்திருக்கும், காற்றடித்தால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மீதி நேரமெல்லாம் கரையில் இருங்கள்.

‘லண்டனிலேயே பார்த்துவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் நீண்ட கழுத்துடன் ஒரு பிளீசியோசார் இருக்கிறது. அது டைனோசர் அல்ல, கடல்வாழ் ஊர்வன. உங்கள் நண்பர் சொல்லும் இதே சேற்றிலிருந்து 1823 டிசம்பரில் அதை எடுத்தவர் மேரி ஆனிங். அப்போது வயது 24. தச்சரின் மகள். அவருக்கு 11 வயதானபோது அப்பா இறந்துவிட்டார், வீட்டில் கடன் மட்டும் மிச்சம். புயலில் சரிந்த பாறைகளிடையே பொறுக்கியதை வெளியூர்க்காரர்களிடம் விற்றுப் பிழைத்த குடும்பம். 1824 பிப்ரவரியில் கோனிபேர் என்ற பாதிரியார் லண்டன் புவியியல் சங்கத்தில் அந்த எலும்புக்கூட்டைப் பற்றி விரிவாகப் பேசினார். கண்டெடுத்தவரின் பெயரைச் சொல்லவில்லை. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1919இல்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை. உங்கள் மகளிடம் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனிங் வெறுமனே பொறுக்கியவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீன் வடிவக் கடல் ஊர்வனவான இக்தியோசார்களின் வயிற்றுப் பகுதியில் கிடந்த உருண்டைக் கற்களை உடைத்து, உள்ளே மீன் எலும்பும் செதிலும் இருப்பதைக் கவனித்தவர் அவர். அவை கல்லாகிப்போன மலம். 1829இல் புவியியலாளர் பக்லாந்து அவற்றுக்குக் கோப்ரோலைட் என்று பெயர் வைத்தார். அந்தக் கற்களை அறுத்துப் பதித்துச் செய்த பக்லாந்தின் மேஜை ஊர் மியூசியத்தில் இருக்கிறது. ஆனிங்கின் வீடு இருந்த இடத்தில்தான் அந்த மியூசியமே நிற்கிறது. மகனை அந்த மேஜைக்கு முன்னால் நிறுத்துங்கள், விட்டு நகரமாட்டான்.

கடையில் வாங்குவது தப்பில்லை, ஆனிங்கும் கடை வைத்திருந்தவர்தான். ஆனால் வேறொருவர் கண்டுபிடித்ததைத்தான் அங்கே வாங்குகிறீர்கள். கண்டுபிடிக்கிற சந்தோஷத்தை ஏன் பிள்ளைகளிடமிருந்து பறிக்கிறீர்கள்? நான் போனது ஒரு பிப்ரவரியில். வெகுநேரம் நடந்தும் ஒன்றும் அகப்படவில்லை. அங்கே கல் தேடிக்கொண்டிருந்த உள்ளூர் அம்மாள் ஒருவர், நடக்காதே, உட்கார் என்றார். ஒரு முழ இடத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். குந்தி உட்கார்ந்தேன். கறுத்த கூழாங்கற்களுக்கு நடுவே பித்தளை நிறத்தில் ஒரு சுருள், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அம்மோனைட், சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிர். ஓடு முழுக்கப் பைரைட் என்கிற பளபளக்கும் கனிமமாக மாறியிருந்தது. வரிவரியாக மேடு, நகத்தால் வருடினால் ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. சுமார் 19 கோடி ஆண்டு பழையது! இதற்கு அரை நாள் போதுமென்று உங்கள் நண்பர் எப்படிச் சொன்னார்?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாறைச் சரிவுக்கு அடியில் பிள்ளைகளை விடாதீர்கள். 1833இல் ஒரு சரிவு ஆனிங்கின் நாய் ட்ரேயைக் கொன்றது, அவர் மயிரிழையில் தப்பினார். சுத்தியல் வேண்டாம், அலை ஒதுக்கிய கற்களே போதும். பக்கத்து ஊரான சார்மத் பக்கம் நடந்தால், கடல் ஏறும்போது திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஆகவே முதலில் அந்த வாரத்து ஓத அட்டவணையைப் பாருங்கள். கடல் உள்வாங்கத் தொடங்கும்போது இறங்கி, ஏறத் தொடங்கும் முன் கரை சேர்ந்துவிடவேண்டும். பகலில் அப்படி நேரம் அமைகிற நாட்களாகப் பார்த்து, அப்புறம் ரூம் போடுங்கள்.