ஆமிக்குப் போகிற பிள்ளை எந்தத் தண்ணீரைக் குடிக்கும் என்று கேளுங்கள்

வணக்கம் அம்மா. சனிக்கிழமை நீங்களும் கணவரும் ஹட்டனுக்கு வந்து பேசியபோது ஒரே பயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்: "ஆமிக்குப் போனா வெடிபட்டுச் செத்துருவானே சேர்." நம் வீடுகளில் ஆமி என்ற பேச்சு வந்தாலே ஒரு அமைதி விழும், எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் மகன் துவக்குத் தூக்கக் கேட்கவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். தென்சூடானில் நம் இராணுவம் நடத்தும் ஐ.நா. ஆஸ்பத்திரியைப் பற்றி வாசித்துவிட்டு, அப்படியான இடத்தில் சுகாதார வேலை பார்க்க ஆசைப்படுகிறான். (அந்த ஊரின் பெயர் 'போர்'. அதற்கு நான் பொறுப்பில்லை.)

வெடிக்குப் பயப்படுகிற நீங்கள் தண்ணீருக்கும் புகைக்கும் சத்தத்துக்கும் பயப்படவில்லை. 2010இல் ஹெய்ட்டியில் அமைதிப்படை முகாம் ஒன்றின் மலக்கழிவு ஆற்றில் கலந்தது. நூறு வருஷமாக அந்த நாடு காணாத கொலரா பரவி, ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். முகாமுக்குள் குழாய் வேலை ஒழுங்காக இருக்கவில்லை. ஐ.நா. தன் பங்கை ஒத்துக்கொள்ள 2016 ஆனது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படை முகாம்களில் பிளாஸ்டிக், டயர், ஆஸ்பத்திரிக் குப்பை எல்லாவற்றையும் குழியில் போட்டு எரித்தார்கள். லயத்துக் கோடியில் பொலித்தீன் எரிக்கும்போது தொண்டை கரகரக்கிறதே, அதே புகை, இரவு பகலாக. அதைச் சுவாசித்து நோயாளியானவர்களுக்கென்று அங்கே பெரிய சட்டம் வந்தது 2022இல்தான்.

சத்தத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பேசும்போது உங்கள் கணவர் வலது காதையே திருப்பித் திருப்பிக் கொடுத்தார். ஃபெக்டரி ரோலர் அறையில் இருபத்திரண்டு வருஷம் என்றார். நாள் முழுக்க 85 டெசிபலுக்கு மேல் கேட்டால் காது மெல்ல மெல்லப் போகும். துவக்குச் சத்தம் 140ஐயும் தாண்டும், அது ஒரே நாளில் கெடுக்கும்.

இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துத் தடுப்பதும் ஒரு உத்தியோகம். வெளிநாடு வரை போக வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது தேடுவதற்கு ஆமியும் வந்தது. நாள்கணக்கில் சேற்றில் நிற்கிறவனுக்கு எலிக்காய்ச்சல் வரக் காலில் ஒரு கீறல் போதும். எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்ளின் மாத்திரை யாருக்குக் கொடுப்பது, ஏற்புவலித் தடுப்பூசி போட்டிருக்கிறதா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, மேலே மண் இன்னும் இறங்குமா என்றெல்லாம் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வழி இரண்டு. ஒன்று, இரத்மலானை கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். கடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தால் படித்து முடித்தபின் கட்டாயச் சேவை உண்டு; எத்தனை வருஷம் என்று கேட்டு, எழுத்தில் பார்த்த பிறகே கையெழுத்து. மற்றது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் சொல்கிற பீ.எச்.ஐ. அதற்குக் களுத்துறையில் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம் இருக்கிறது. விண்ணப்ப அறிவித்தலுக்கு வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன். தோட்டப் பக்கம் தமிழ் பேசும் பீ.எச்.ஐ. போதாது, முதலில் அந்தத் தகுதியைக் கையில் எடுக்கட்டும். படைக்குப் போவதைப் பிறகு யோசிக்கலாம். ஆனால் அங்கே வயதெல்லை இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். சிங்களத்தையும் இப்போதே பிடிக்கட்டும்.

என்றாவது ஆபிரிக்கப் பணிக்குப் புறப்பட்டால், போகுமுன் காதுப் பரிசோதனை முடிவை ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். பின்னால் காது போனால் பேச அதுதான் சாட்சி. மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையும் அப்படியே. மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுகிற பிள்ளைகள் உண்டு. வந்த பிறகும் டொக்டர் சொன்ன நாள் வரை குடிக்க வேண்டும். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. இங்கே காய்ச்சல் என்றால் மலேரியா சட்டென்று யாருக்கும் நினைவுக்கு வராது. அதனால் மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், "ஆபிரிக்காவிலிருந்து வந்தவன், இரத்தம் பாருங்கள்" என்று டிஸ்பென்சரியில் நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மகனையும் கூட்டி வாருங்கள், பெறுபேற்றுத் தாளோடு. அதற்குள் கணவரை ஆஸ்பத்திரிக் காது கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.