டே கேர் வேலை பிடித்திருக்கிறது, சம்பளம் போதவில்லை: துணிக்கடைக்கு மாறலாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் டே கேரில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 34, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். சம்பளம் 9,500 ரூபாய். காலை 8.30 முதல் மாலை 6.30 வரை வேலை. என் பொறுப்பில் 14 குழந்தைகள், அதில் ஐந்து பேருக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. உதவிக்கு வரும் அக்கா மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஓனருக்கு இரண்டு கிளைகள். மொத்தம் 12 பேர் வேலை செய்கிறோம். முழு நாள் கட்டணம் மாதம் 5,500; மாலை மட்டும் என்றால் 2,500. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி விட்டு இங்கேதான் வருவாள், அவளுக்குக் கட்டணம் கிடையாது. இப்போது ஒரு துணிக்கடையில் பில்லிங் வேலைக்கு 14,000 தருவதாகச் சொல்கிறார்கள். காலை 9.30 முதல் இரவு 8.30 வரை. குழந்தைகளை விட்டுப் போக மனசே வரவில்லை. ஆனால் வீட்டு வாடகை ஏறிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: துணிக்கடைக்கு இன்னும் சரி என்று சொல்லாதீர்கள். 4,500 ரூபாய் கூடுதல் என்று மேலுக்குத் தெரிகிறது. உங்கள் விஷயத்தில் அது அவ்வளவு இல்லை.

மாதம் 26 நாள் என்று வைத்தால் இப்போது 260 மணி நேரம் உழைக்கிறீர்கள். மணிக்கு சுமார் 36 ரூபாய் 50 காசு. கடையில் 286 மணி நேரம், மணிக்கு 49 ரூபாய். ஆனால் உங்கள் மகளின் மாலை நேரத்துக்கு இன்றைக்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை. கடைக்குப் போனால் அவளை எங்காவது விட வேண்டும். உங்கள் டே கேரே அதற்கு 2,500 வாங்குகிறது. அதையும் சேர்த்தால் உங்கள் உண்மையான சம்பளம் 12,000, மணிக்கு 46 ரூபாய். அதிலும் டே கேர் 6.30க்கு மூடிவிடும், கடை 8.30 வரை. நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு வீட்டில் ஆள் உண்டா? தீபாவளி, பொங்கல் நேரத்தில் கடை எத்தனை மணிக்கு மூடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதனால் 9,500 நியாயமான சம்பளம் ஆகிவிடாது. ஆறு வருட அனுபவம் உள்ளவருக்கு அது மிகக் குறைவு. எங்கே மாறுவது என்பதை அந்த ஒரு கடையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்கிறேன்.

இந்தத் துறையில் சம்பளம் ஏன் ஏறுவதே இல்லை என்று பார்ப்போம், ஏனென்றால் பேரம் பேச அது உதவும். உங்கள் பொறுப்பில் உள்ள குழந்தைகளை மட்டும் வைத்து ஓனரின் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 14 குழந்தைகளும் முழு நாள் என்றால் மாதம் 77,000 வரவு. வாடகை 25,000, உங்கள் சம்பளம், உதவி அக்காவுக்கு 6,500, பால், சாப்பாடு, கேஸ் 10,000, கரண்ட், தண்ணீர், சுத்தம் செய்யும் பொருட்கள் 6,000 என்று வைத்தால் கையில் 20,000 நிற்கும். இரண்டு குழந்தைகள் நின்றுவிட்டால் 11,000 போய்விடும். கடையில் ஒரே ஆள் கூடுதலாகப் பத்துப் பேருக்கு பில் போட முடியும். ஒருவர் கையில் இத்தனை குழந்தைகள்தான் என்பதை மாற்றவே முடியாது. வருமானம் முழுவதும் பெற்றோரின் சம்பளத்திலிருந்து வருகிறது, அவர்களுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்தப் பக்கமும் ஏற்ற முடியாமல், இந்தப் பக்கமும் ஆளைக் குறைக்க முடியாமல், பாரம் வந்து விழுவது உங்களைப் போன்றவர்கள் தலையில்.

அதனால் டே கேரில் சம்பளத்தைத் தீர்மானிப்பது உங்கள் திறமையைவிட, அந்த மையத்துக்குப் பணம் கட்டுவது யார் என்பதுதான். பெற்றோர் மட்டும் கட்டினால் ஓரளவுக்கு மேல் ஏறாது. ஒரு நிறுவனம் கட்டினால் கதை வேறு. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் திருத்தமாக வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். ஐடி அலுவலகங்கள், பெரிய மருத்துவமனைகள், நூற்பாலைகள், பின்னலாடை ஆலைகள் இதற்குள் வரும். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. சிலர் தாங்களே நடத்துகிறார்கள், சிலர் வெளியே ஒப்பந்தம் விடுகிறார்கள். ஆறு வருடம் கைக்குழந்தைகளைப் பார்த்த உங்களைப் போன்ற ஆள் அங்கே தேவை. அந்த நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் நேராகப் போய்க் கேளுங்கள். காலியிடம் விளம்பரமாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

அதற்கிடையில், இருக்கும் இடத்தில் உங்களுக்குச் சேர வேண்டியது வருகிறதா? இரண்டு கிளைகளும் ஒரே நிறுவனத்தின் பெயரில் இருந்தால் 12 பேரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். 10 பேர் இருந்தாலே ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, வரும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது பொருந்தும். உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 71 ரூபாய் சொச்சம். ஓனர் 3.25 சதவீதம், சுமார் 309 ரூபாய் கட்ட வேண்டும். குழந்தைகளோடு இருப்பவர்களுக்குச் சளி, காய்ச்சல், இடுப்பு வலி இதெல்லாம் ஓயாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம், நோய் விடுப்பு நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம் என்று அந்த 71 ரூபாய்க்குக் கிடைப்பது பெரிது. பிஎஃப் கட்டாயம் ஆவதற்கு 20 பேர் வேண்டும், ஆகவே அதை உரிமையாகக் கேட்க முடியாது.

குறைந்தபட்ச ஊதியம் பற்றி ஒன்று. "டே கேர் அந்தப் பட்டியலிலேயே இல்லம்மா" என்று முன்பெல்லாம் ஓனர்கள் தட்டிக்கழிப்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் குறைந்தபட்ச ஊதியம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொதுவானது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் வேலைக்கு இன்றைய தொகை என்ன என்பதை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் போய்க் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது புகார் கொடுப்பது ஆகாது. பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஓனரிடம் பேசுங்கள். மார்ச், ஏப்ரலில் பேசுங்கள், ஜூன் சேர்க்கைக்கான கட்டணத்தை முடிவு செய்வதற்கு முன். கட்டணம் அறிவித்த பிறகு கேட்டால் "இந்த வருடம் முடியாது" என்பதுதான் பதில். சம்பளத்தோடு சேர்த்து இன்னொன்றும் கேளுங்கள்: உதவி அக்கா மாலை வரை இருக்க வேண்டும். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட காப்பக வழிகாட்டுதலில் மூன்று வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வயதில் 20 குழந்தைகளுக்கு ஒருவர் என்று இருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் மூன்று வயது தாண்டியவர்கள் என்றால், இந்த விகிதத்தை மட்டும் பார்த்து நீங்கள் ஒருவரே போதும் என்று ஓனர் சொல்லலாம். ஆனால் ஒரு குழந்தை விழுந்து தலையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது யார், மீதி 13 பேரோடு இருப்பது யார்? மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கரை மணி நேரம் ஒரே ஆளை விடுவது எந்த வழிகாட்டுதலில் எப்படி இருந்தாலும் ஆபத்து. நீங்கள் பாத்ரூம் போவதற்கே யோசிக்க வேண்டியிருக்கும். வேலை பிடித்திருந்தும் பலர் இந்தத் துறையை விட்டு ஓடுவதற்குச் சம்பளத்துக்கு அடுத்த காரணம் இந்தத் தனிமைதான் என்று நான் நினைக்கிறேன்.

ஓனர் முன்னால் வைக்க வேண்டிய கணக்கு எளிது. கட்டணம் 5,500-லிருந்து 5,900 ஆனால் 14 குழந்தைகளுக்கு மாதம் 5,600 கூடுதல் வரும். பாதி உங்களுக்கு என்றால் உங்கள் சம்பளம் 12,300. மீதி 2,800 உதவி அக்காவின் மாலை நேரத்துக்கு. 6.30க்குப் பிறகு வரும் பெற்றோரிடம் கால் மணிக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம் வாங்கி, காத்திருப்பவருக்கே அதைக் கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள். பெற்றோர் சீக்கிரம் வர ஆரம்பிப்பார்கள், அதுவும் உங்களுக்கு லாபம்தான்.

"உனக்குத்தான் குழந்தைகள்னா உயிராச்சே" என்று ஓனர் சொன்னால் அதில் இளகிவிடாதீர்கள். எனக்கு இந்தப் பேச்சு கொஞ்சமும் பிடிக்காது. குழந்தைகள் மேல் நீங்கள் வைத்த பாசம் சம்பளத்தில் கழித்துக்கொள்ள வேண்டிய தொகை அல்ல. நிஜத்தில், ஆள் நிலைப்பதற்கே பணம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் 2019-ல் இதைச் சோதித்தார்கள். குழந்தைகள் பராமரிப்பு மைய ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்குக் குலுக்கல் முறையில், எட்டு மாதத்தில் 1,500 டாலர் வரை கூடுதலாகக் கிடைக்க வழி செய்தார்கள். அந்த வாய்ப்பு கிடைக்காதவர்களில் 30 சதவீதம் பேர் விலகினார்கள், கிடைத்தவர்களில் 15 சதவீதம் பேர்தான். உங்கள் ஓனருக்கும் இது புரியும்: புது மிஸ் வந்தால் கைக்குழந்தைகள் நாள் கணக்கில் அழும், பெற்றோர் வேறு இடம் தேடுவார்கள். இரண்டு குழந்தைகள் நின்றாலே போவது 11,000 என்று மேலே பார்த்தோம். நீங்கள் கேட்பது 2,800.

பெற்றோரிடம் சம்பளக் குறையைச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் பேச்சை வளர்க்க வேண்டாம், அது உங்களுக்கே திரும்பும். நல்ல பழக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பெற்றோரிடம் உங்கள் வேலையைப் பற்றி நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே பேசவும், வேறு இடத்தில் வேலை கேட்கவும் உதவும்.

அங்கன்வாடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வயதுக்கு இதை இப்போதே சொல்ல வேண்டும். 2025 அறிவிப்பில் அங்கன்வாடிப் பணியாளருக்கு பிளஸ் டூ தேர்ச்சி, 25 முதல் 35 வயது, அந்தப் பகுதியிலோ பக்கத்திலோ குடியிருப்பு என்று கேட்டிருந்தார்கள். முதல் ஒரு வருடம் தொகுப்பூதியம் 7,700. அதன் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம். தொடக்கத்தில் இப்போது வாங்குவதைவிடக் குறைவுதான். ஆனால் வேலை நேரம் குறைவு, சம்பளம் வருடா வருடம் ஏறும். ஒரு வருடம் தாக்குப்பிடிக்கக் குடும்பத்தில் வழி இருந்தால், அடுத்த அறிவிப்பைத் தவற விடாதீர்கள். இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வருட மழலையர் கல்வி டிப்ளமோவுக்கும் பிளஸ் டூ போதும். கம்பெனி காப்பகத்தில் பொறுப்பாளர் நிலைக்குப் போக அது கை கொடுக்கும்.

ஓனர் மறுத்து, கம்பெனி காப்பகமும் அமையாமல், மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளும் இருந்தால், துணிக்கடைக்குப் போங்கள். அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் கடையில் ஈஎஸ்ஐ, பிஎஃப் உண்டா என்று முதலில் கேளுங்கள். உட்கார நாற்காலி தருவார்களா என்றும் கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது.

விலகும்போது கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, விட்டுவிட்டு வராதீர்கள். 10 பேர் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது உரிமை. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26 நாளாக வகுத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் ஆறு வருடத்துக்கு ஏறக்குறைய 32,880 ரூபாய் வரும். 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். சம்பளத்தை இதுவரை கையில் பணமாக வாங்கியிருந்தால் ஆறு வருடம் வேலை பார்த்ததற்குச் சாட்சி தேவைப்படும். வருகைப் பதிவேட்டின் பக்கங்கள், ஆண்டு விழா போட்டோக்கள், ஓனர் அனுப்பிய பழைய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். விலகல் கடிதம் கொடுக்கும்போது அதன் நகலில் தேதியோடு ஓனரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.