கோரிடோரஸ் கெளுத்திக்கு ஒரு மழை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் தொட்டியில் வெண்கல நிறக் கோரிடோரஸ் கெளுத்திகள் ஆறு, ஒன்றரை ஆண்டாக நலமாக இருக்கின்றன. ஆனால் ஒருமுறைகூட முட்டையிடவில்லை. ஹார்மோன் ஊசி போட்டால்தான் இடும் என்று ஒருவர் சொல்கிறார். வேறு வழியே கிடையாதா?

பதில்: ஊசி தேவையே இல்லை. வெண்கல நிறக் கோரிடோரஸும் புள்ளிக் கோரிடோரஸும் தொட்டியில் தாமாகவே முட்டையிடக் கூடியவை. புள்ளிக் கோரிடோரஸ் 1878-ஆம் ஆண்டிலேயே பாரிஸில் ஒரு தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததாகப் பதிவு இருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் மின் ஃபில்டரும் ஹீட்டரும் வீடுகளுக்கு வராத காலம் அது.

முதலில் உங்கள் ஆறில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் பிடிபடாது. தொட்டிக்கு மேலிருந்து பார்த்தால், மார்புத் துடுப்புகளுக்குப் பின்னால் உடல் அகன்று உருண்டிருப்பது பெண். ஒல்லியாக, சற்றுச் சிறியதாக இருப்பது ஆண். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் இருந்தால் நல்லது.

அடுத்தது மழை. இவற்றின் பூர்விகம் தென் அமெரிக்க ஆறுகளும் ஓடைகளும். மழைக்காலம் தொடங்கும்போது குளிர்ந்த புதுநீர் வந்து சேர்வதும் இரை பெருகுவதும்தான் அங்கே இவற்றுக்கு முட்டையிடும் பருவத்தை அறிவிக்கின்றன. அந்தப் பருவத்தைத்தான் நாம் தொட்டிக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு வாரம் ரத்தப்புழு, ஆர்ட்டீமியா எனும் உப்புநீர்ச் சிற்றிறால் போன்ற சத்தான இரையைக் கொடுத்து வாருங்கள். பெண்ணின் வயிறு திரண்டதும், தொட்டி நீரில் பாதியை எடுத்துவிட்டு, அதைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த, குளோரின் நீக்கிய நீரை மெதுவாக ஊற்றுங்கள். மறுநாள் காலைக்குள் முட்டை தென்படாவிட்டால் இரண்டு மூன்று நாள் இதையே தொடருங்கள். வெளியே உண்மையாகவே மழை மூட்டம் போட்டிருக்கும் நாளில் செய்தால் பலன் கூடுதல் என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம். காற்றழுத்தம் குறைவதை மீன்கள் உணர்கின்றன என்று நானும் கருதுகிறேன்.

ஒன்றரை ஆண்டாக எதுவும் நடக்காததற்கு, நீங்கள் நீரின் வெப்பத்தை ஒரே சீராக வைத்துக் காத்ததுகூடக் காரணமாக இருக்கலாம். அது குறையன்று, மீன்களுக்குப் பருவம் மாறியது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: பெண் மீன் ஆணின் வயிற்றில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. சண்டையா, நோயா?

பதில்: இரண்டும் இல்லை, அதுதான் இணைசேர்க்கை. ஆண் குறுக்கே நிற்க, பெண் அதன் வயிற்றில் வாய் பதிக்கும்; மேலிருந்து பார்த்தால் ஆங்கில ‘டி’ எழுத்தைப் போலத் தெரியும். அப்போது பெண் ஆணின் விந்தை வாயால் பருகுகிறது. அது குடல் வழியாகச் சில நொடிகளிலேயே வெளியேறி, இடுப்புத் துடுப்புகள் இரண்டையும் கூடைபோல் குவித்துப் பெண் பிடித்திருக்கும் முட்டைகளின்மேல் படுகிறது. வெண்கல நிறக் கோரிடோரஸில் இதை ஆய்வாளர்கள் 1995-இல் விளக்கினார்கள். பிறகு பெண் கண்ணாடியிலோ இலையிலோ ஓரிடத்தை வாயால் சுத்தம் செய்து முட்டைகளை ஒட்டிவிட்டு, மீண்டும் ஆணிடம் திரும்பும். இது பல மணி நேரம் நடக்கும். அதுவரை தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

கேள்வி: முட்டைகளில் பாதி வெள்ளையாகிப் பஞ்சு பிடித்துவிடுகின்றன. பொரிக்கும் குஞ்சுகளும் பத்து நாளுக்குள் ஒன்றுவிடாமல் இறந்துபோகின்றன. மூன்று முறை இப்படியே ஆகிவிட்டது. மனம் விட்டுப்போயிற்று.

பதில்: மனம் தளர வேண்டாம். முட்டையிட வைப்பதைவிட இந்தப் பத்து நாள்தான் கடினம்.

பெற்ற மீன்களே முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். இட்டுச் சில மணி நேரம் கழித்து ஓடு இறுகிவிடும். அப்போது விரல் நுனியால் மெல்ல உருட்டினாலே கையோடு வந்துவிடும். அதே தொட்டியின் நீர் நிரப்பிய சிறு பாத்திரத்தில் இட்டு, ஏர் ஸ்டோன் எனும் காற்றுக் கல்லின் குமிழிகள் அருகில் மென்மையாக எழும்படி வையுங்கள். பூஞ்சையைத் தடுக்க, நீர் வெளிர் நீலமாகும் அளவுக்கு மெத்திலீன் புளூ எனும் சாய மருந்து போதும். கருவுற்ற முட்டை நாளாக ஆகப் பழுப்பேறும். பிறகு உள்ளே கண்கள் இரு புள்ளிகளாகத் தெரியும். வெள்ளையானது உயிரற்ற முட்டை. பூஞ்சை அதில்தான் முதலில் பிடித்து, பக்கத்திலுள்ள நல்ல முட்டைக்கும் பரவுகிறது. ஆகவே காலையும் மாலையும் வெள்ளை முட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். எல்லாமே வெளுத்தால் ஆண் மீன்கள் போதவில்லையா என்று பாருங்கள்.

25 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து நாளில் குஞ்சு பொரிக்கும். முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே அவற்றுக்கு உணவு. அந்த நாட்களில் ஆசையாகப் போடும் இரை அப்படியே அழுகும். கெளுத்திக் குஞ்சு நீரின் நடுவில் நீந்துவதில்லை, தரையிலேயே கிடக்கிறது. அழுகலும் தரையில்தான் சேர்கிறது. மேல்நீர் பளிங்குபோல் தெரிந்தாலும், குஞ்சின் வயிறு படும் இடத்தில் வழவழப்பான கசடு படர்ந்திருக்கும். பெரும்பாலான குஞ்சுகளைக் கொல்வது அதுதான். உங்கள் தொட்டியிலும் அதுவே நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகையால் மஞ்சள் கரு வற்றியபின், அன்று பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளையோ மைக்ரோ வார்ம் எனும் நுண்புழுக்களையோ சிறிது சிறிதாக, ஒரு நாளில் மூன்று முறை கொடுங்கள். ஆர்ட்டீமியா தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எல்லா வயிறும் நிறம் பெற்றுவிட்டால் இரையை நிறுத்திவிட்டு, எஞ்சியதைச் சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். தரையை ஒரு மென்தூரிகையால் தினமும் துடைத்து, நீரில் மூன்றில் ஒரு பங்கை, பெற்ற மீன்கள் இருக்கும் தொட்டியிலிருந்து எடுத்த நீரால் மாற்றுங்கள். இங்கே குளிர்ந்த நீர் கூடவே கூடாது. பெரிய மீனுக்கு மழையாக இருந்தது குஞ்சுக்கு அதிர்ச்சியாகிவிடும். ஃபில்டர் வைப்பதானால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டுமே.

கேள்வி: வலையால் பிடித்தபோது மீன் வலையிலேயே மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

பதில்: முதுகிலும் மார்பிலும் உள்ள முட்களை இந்த மீன் அச்சத்தில் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். இழுத்தால் முள் முறியும். வலையை நீருக்குள்ளேயே வைத்துச் சற்றுப் பொறுங்கள். தானாக விடுபடாவிட்டால் வலையின் இழையை வெட்டிவிடுங்கள். அடுத்த முறை வலையை விட்டுவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மீனை ஓட்டி நீரோடு சேர்த்து எடுங்கள்.