கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் வாகனம் ஓட்டும்போது போனில் நெரிசல் நிலவரத்தைச் சும்மா ஒருதரம் பார்ப்பதும் கவனச்சிதறலா?

ஆம். ஓட்டுநரின் கண்ணோ கையோ மனமோ வீதியை விட்டு வேறொன்றுக்குப் போனால் அது கவனச்சிதறல். மேப் பார்க்கையில் மூன்றுமே போகின்றன: திரையைப் பெரிதாக்க விரல், நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தேடக் கண், எந்தப் பக்கத்தால் போகலாம் என்று யோசிக்க மனம்.

திரையை 2 வினாடி பார்த்தாலே, மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வாகனம் அதற்குள் ஏறக்குறைய 33 மீற்றர் ஓடிவிடும். மாங்குளம் பக்கம் அந்தி நேரத்தில் வீதிக்கு ஏறும் மாட்டுக்கு அந்த 2 வினாடி தாராளம். பார்வை வீதிக்குத் திரும்பினாலும் மனம் உடனே திரும்பாது. வானொலியில் மரண அறிவித்தலைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கையில் அம்மா ஏதாவது சொன்னால் காதில் விழும், மூளையில் ஏறாதல்லவா? அப்படித்தான் கண்ணெதிரே நிற்கும் மாடும் பதியாமல் போகும்.

இன்னொன்று, அந்த நிறக்கோடுகள் பெரும்பாலும் வீதியில் போகிறவர்களின் போன்கள் நகரும் வேகத்தைக் கணித்துப் போடப்படுபவை. கொழும்பு நெரிசலுக்குச் சரி. வன்னியில் நம்மை மறிக்கும் மாட்டிடமும் யானையிடமும் போன் இல்லையே!

புறப்படமுன் பாருங்கள். அப்புறம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் கும்பிட எப்படியும் நிறுத்துவோம். கச்சான் வாங்கும்போது இன்னொருதரம் பார்க்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரிடமே போனைக் கொடுத்துவிடுங்கள்.

'போனைத் தாங்கியில்தானே மாட்டியிருக்கிறேன்' என்பார்கள் பலர். தாங்கி கையை மட்டும்தான் விடுவிக்கும், கண்ணையும் மனதையும் அல்ல.